அண்ணாமலை என்பது மலைப் பேரா, ஆள் பேரா, ஊர்ப் பேரா?

பள்ளத்தூர் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மூத்த பையன் பிறந்திருக்கிறான். என்ன பேர் வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் இல்லை. அவனுடைய ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், பேர் அண்ணாமலை, அதனால் அவனும் அண்ணாமலை. புதுசாக ஏதாவது வைத்திருக்கலாமே என்று என் தங்கை மட்டும் புலம்பிக்கொண்டிருக்கிறாள், எனக்கு அதெல்லாம் இல்லை, பிடித்த பேர்தான்.

ஆனால் இந்தப் பேர் முதலில் எங்கிருந்து வந்தது என்று சும்மா ஒரு பேச்சு எழுந்தது, ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பிவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், அது ஆனைமலைதான், வாய்வழக்கில் அண்ணாமலை ஆகிவிட்டது என்று அடித்துச் சொல்கிறார். சிதம்பரத்தில் படித்த என் அண்ணன், அண்ணாமலைநகர் என்று ஓர் ஊரே இருக்கிறது, அதை வைத்து வந்திருக்கும் என்கிறார். என் கணவருக்குச் சென்னையில் ராஜா அண்ணாமலைபுரம்தான் ஞாபகம் வருகிறது. திருவண்ணாமலை என்று நான் சொன்னால், அது எங்கே இருக்கிறது நாம் எங்கே இருக்கிறோம், பக்கத்திலேயே குன்றக்குடி இருக்கிறது, பிள்ளையார்பட்டி இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போய் எதற்குப் பேர் எடுத்து வருவார்கள் என்று மடக்குகிறார்கள்.

அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் எந்த நகரத்தார் வீட்டு மொய் நோட்டைப் பிரித்தாலும் ஒரே பக்கத்தில் நாலைந்து அண்ணாமலை வந்துவிடுகிறார்கள். திருவண்ணாமலைக்காரர்களிடம்கூட இத்தனை பேர் இருப்பார்களா தெரியாது. மலை முந்தியா, ஆள் முந்தியா, ஊர் முந்தியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

தேவகோட்டைத் தமிழாசிரியன்:

முதலில் ஆனைமலையைத் தள்ளி வைத்துவிடலாம். அது யானை மலை. பொள்ளாச்சிக்குத் தெற்கே வால்பாறை வரை ஏறிப் போகிற மலைத்தொடர், அதில்தான் 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே உயரமான சிகரம். மதுரை ஒத்தக்கடையிலும் ஓர் ஆனைமலை இருக்கிறது, யானை படுத்த வாக்கில் கிடக்கும் ஒற்றைப் பாறை. ‘ஆனைமாமலை’ என்று சம்பந்தர் பாட்டிலேயே அதற்குப் பேர் இருக்கிறது. அதே சம்பந்தர் திருவண்ணாமலையை ‘அண்ணாமலை’ என்று தனியாகப் பாடியிருக்கிறார். ஒரே ஆள், ஒரே காலம், இரண்டு மலை, இரண்டு பேர். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? ஆங்கில எழுத்தில் எழுதிப் படிக்கிறவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம் வருகிறது, அங்கே ஆனாவும் ஆவன்னாவும் ஒன்று, றன்னகரமும் டண்ணகரமும் ஒன்று.

இப்போது பேருக்கு வருவோம். அண்ணுதல் என்றால் கிட்டுதல், நெருங்குதல். அண்ணா மலை என்றால் கிட்ட முடியாத மலை. ‘அண்ணாத’ என்பதில் கடைசி எழுத்து போய் ‘அண்ணா’ என்று நிற்கிறது, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பத்தாம் வகுப்பில் எல்லாரும் படித்து மறந்திருப்பீர்கள். வெளியில் தேட வேண்டாம், நம் பிள்ளையார்பட்டிக் கோயிலிலேயே உதாரணம் இருக்கிறது. கற்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடுகிறவர்கள் மருதீசர் சன்னதிக்கும் அம்மன் சன்னதிக்கும் போய்ப் பாருங்கள், அம்மன் பேர் வாடாமலர்மங்கை. வாடாத மலர் வாடாமலர், அண்ணாத மலை அண்ணாமலை, கணக்கு ஒன்றுதான்.

அண்ணாந்து பார்க்கிற மலை என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அண்ணாந்து பார்க்காமல் எந்த மலையைப் பார்க்கிறோம்? அடிமுடி தேடிய கதையோடு பொருந்துவது முதலில் சொன்னதுதான். பிரமன் அன்னமாகப் பறந்தும் முடியைப் பார்க்கவில்லை, திருமால் பன்றியாகத் தோண்டியும் அடியைப் பார்க்கவில்லை, நடுவில் நெருப்புத் தூணாக நின்றவன் குளிர்ந்து மலையானான் என்பது தலபுராணம். கிட்ட முடியாதவன், அதனால் அண்ணாமலை. சம்பந்தர் ‘அண்ணாமலை தொழுவார் வினை வழுவா வண்ணம் அறுமே’ என்று பாடியது ஏழாம் நூற்றாண்டில். மார்கழியில் காலையில் ஓதுகிற திருவெம்பாவையிலும் ‘அண்ணாமலையான் அடிக்கமலம்’ வருகிறது. ஆக உங்கள் பையனின் பேருக்கு 1,300 வருஷத்துக்கு மேல் எழுத்துச் சான்று இருக்கிறது. மலை முந்தி. இதில் சந்தேகமே வேண்டாம்.

*

செக்காலைவாசி:

ஐயா சொன்னது சரி, ஆனால் அந்த அண்ணன் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது, அண்ணாமலைநகர் என்ற ஊர் நிஜமாகவே இருக்கிறது, பேரூராட்சியே இருக்கிறது. அவர் திசையை மட்டும் மாற்றிப் பிடித்துவிட்டார். அந்த ஊரிலிருந்து ஆளுக்குப் பேர் வரவில்லை, ஆளிடமிருந்து ஊருக்குப் போனது.

நம்ம கானாடுகாத்தானில் 1881ல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1920ல் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார், அது வளர்ந்து 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆனது, பல்கலைக்கழகத்தைச் சுற்றி உண்டான குடியிருப்பு அண்ணாமலைநகர் ஆனது. சென்னையில் ராஜா அண்ணாமலைபுரமும் அவர் பேர்தான். பாரிமுனைப் பக்கம் தமிழிசைச் சங்கம் இருக்கிற ராஜா அண்ணாமலை மன்றமும் அவர்தான், அந்தச் சங்கத்தை அவர் 1943ல் தொடங்கினார்.

கொஞ்சம் நின்று பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். திருவண்ணாமலையில் ஒரு மலை. அந்த மலையின் பேர் சாமிக்கு. சாமியின் பேர் கானாடுகாத்தானில் ஒரு மனிதருக்கு. அந்த மனிதரின் பேர் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊருக்கு. அந்த ஊரில் ஒரு சின்னக் குன்றுகூடக் கிடையாது, தட்டை நிலம், கொள்ளிடம் பக்கம், கடல் பக்கம், எங்கே பார்த்தாலும் வயல். பேரில் மட்டும் மலை நிற்கிறது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அந்த அண்ணாமலைச் செட்டியாருக்கு ஒரு மகன் பேர் சிதம்பரம், மு.அ.சிதம்பரம் செட்டியார். அதுவும் ஊர்ப் பேர். அவர் பேரில்தான் சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம். டிவியில் ‘சிதம்பரம் ஸ்டேடியம்’ என்று போட்டதைப் பார்த்துவிட்டு, மேட்ச் சிதம்பரத்திலேயே நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்ட ஒரு பெங்களூர் நண்பர் எனக்கு உண்டு. நடராஜர் கோயிலையும் பார்த்துவிட்டு மேட்சையும் பார்த்துவிடலாமா என்று கேட்டார்.

*

மூனா ஆனா:

பள்ளத்தூர் ஆச்சி கேட்டதில் பாதிக்குத்தான் பதில் வந்திருக்கிறது. மலை முந்தி என்பது சரி. அவ்வளவு தூரத்து மலையின் பேர் இங்கே எப்படி இவ்வளவு பெருகியது என்பதுதான் நல்ல கேள்வி, அதற்குத் தூரம் காரணமே இல்லை, நம்முடைய பேர் வைக்கிற முறைதான் காரணம்.

மூத்த பையனுக்கு அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்ற ஐயா பேர். மூத்த பெண்ணுக்கு அப்பத்தா பேர். அடுத்தடுத்த பிள்ளைகளுக்குத்தான் தாய்வழி ஐயா, ஆயா பேர் எல்லாம். பேரன் என்ற சொல்லே பெயரன், பேரைச் சுமக்கிறவன் என்பதால் வந்தது. இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு அண்ணாமலைக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு வீட்டிலும் மூத்த பையன் அண்ணாமலை. மகள்கள் இரண்டு பேர் இருந்தால் அவர்கள் வீட்டு இரண்டாவது பையன்களும் அண்ணாமலை ஆக வாய்ப்பு உண்டு. எப்போதோ ஒருத்தர் கும்பிட்டு வைத்த பேர் ஒன்று போதும், அதற்குப் பிறகு யாரும் திருவண்ணாமலைப் பக்கமே போகாவிட்டாலும் பேர் தன்னால் பெருகிக்கொண்டே இருக்கும். அழகப்பன், மெய்யப்பன், வயிரவன், லெட்சுமணன், முத்தையா எல்லாம் இப்படித்தான். நம் ஊரில் மொத்தப் பேர்களே ஒரு கைப்பிடிதான், ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

ராஜா வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாமலைச் செட்டியாரின் அப்பச்சி பேர் முத்தையா. அவருடைய மூத்த மகன் பேரும் முத்தையா, 1905ல் பிறந்து 1984ல் காலமான ராஜா சர் முத்தையா செட்டியார். முத்தையா, அண்ணாமலை, முத்தையா என்று ஒன்று விட்டு ஒன்று வரும். அடுத்த தலைமுறையில் மு.அ.மு.ராமசாமி என்று எழுதினால் அந்த மூன்று எழுத்திலேயே மூன்று தலைமுறையும் உட்கார்ந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதை இனிஷியல் என்பார்கள், நாம் விலாசம் என்போம். தபால்காரருக்குத் தெருப் பேர், கதவு எண் எல்லாம் அப்புறம்தான், முதலில் விலாசம். மு.அ.மு. என்று எழுதியிருந்தால் ‘மூனா ஆனா மூனா வீடு’ என்று ஊரே சொல்லும்.

இது இல்லாமல் நமக்கு நடக்காது. கல்யாணத்தில் இசைகுடிமானம் என்கிற திருமண ஒப்பந்தம் எழுதும்போது பாருங்கள், எந்த ஊர், நகரத்தாரில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், எந்தப் பிரிவு, என்ன விலாசம் என்று எல்லாம் எழுதின பிறகுதான் ஆள் பேரே வரும். வெறும் அண்ணாமலை என்று எழுதினால் எந்த அண்ணாமலை என்று யாருக்குத் தெரியும்? இளையாத்தங்குடிக் கோயில் அண்ணாமலையா, மாத்தூர்க் கோயில் அண்ணாமலையா, அதிலேயே பெரிய வீடா, சின்ன வீடா?

உலகம் சுற்றிய ஏ.கே.செட்டியார், காந்தியைப் பற்றி 1940ல் ஆவணப்படம் எடுத்தாரே கோட்டையூர்க்காரர், அவர் கருப்பன் செட்டியார், முன்னால் நிற்கிற எழுத்து அண்ணாமலை. பாருங்கள், பேராக இல்லாத இடத்திலும் விலாசமாக வந்து நிற்கிறது.

*

பள்ளத்தூர் மருமகள்:

ரொம்ப நன்றி. கணக்கைப் பார்த்ததும் என் கணவர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு எல்லாம் சேர்த்து இந்தத் தலைமுறையில் எத்தனை அண்ணாமலை என்று எண்ண ஆரம்பித்து, மலேசியாவில் இருக்கிறவர்களோடு தகராறாகிப் பாதியில் நிறுத்திவிட்டோம்.

எங்கள் வீட்டில் இன்னொரு வேடிக்கை. என் மாமியார் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. புருஷன் பேரை எப்படிச் சொல்வது? ‘ஐயா, வாங்க ஐயா’ என்றுதான் தொட்டிலைப் பார்த்துப் பேசுகிறார், அவன் கொட்டாவி விட்டாலும் மரியாதைதான். கோபம் வந்தால் எப்படித் திட்டுவார் என்று பார்க்கக் காத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு துணைக் கேள்வி. என்னைப் பெற்ற ஆத்தாவின் அம்மா, எங்கள் ஆயா, பேர் உண்ணாமலை. அதுவும் அண்ணாமலையும் ஒன்றுதானா? அண்ணாமலைக்குப் பெண்பால் உண்ணாமலை என்று சின்ன வயதில் நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் உண்ணாத மலை என்றால் என்ன பொருள்? மலை எதைச் சாப்பிடும்?

*

ஆத்தங்குடி ஆச்சி:

உங்கள் ஆயா பேரை இப்போது யாரும் வைப்பதில்லை, அதனால் இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும், என் அப்பத்தாவும் உண்ணாமலை ஆச்சிதான்.

அது மலை இல்லை. திருவண்ணாமலையில் அம்மன் பேர் உண்ணாமுலை. தமிழாசிரியர் சொன்ன பதிகத்தின் முதல் வரியே ‘உண்ணாமுலை உமையாளொடும் உடனாகிய ஒருவன்’ என்றுதான் ஆரம்பிக்கும். யாரும் பாலுண்ணாத மார்பை உடையவள் என்று பொருள், வடமொழியில் அபீதகுசாம்பாள் என்பார்கள். உலகத்துக்கெல்லாம் தாய், ஆனால் வயிற்றில் சுமந்து பெற்றுப் பால் கொடுத்துத் தாயானவள் இல்லை. எவ்வளவு பெரிய பேர் பாருங்கள். இதுவும் அதே இலக்கணம், உண்ணாத என்பது உண்ணா என்று நிற்கிறது. சாமிக்கு அண்ணா, அம்மனுக்கு உண்ணா.

நம் வீடுகளில் பெண்ணுக்கு இந்தப் பேரை வைத்தார்கள், ஆனால் நாலு பேர் முன்னால் முலை என்று கூப்பிடக் கூச்சப்பட்டு மலை ஆக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே அண்ணாமலை இருந்ததால் காதுக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பத்திரத்தில், பேங்குப் புத்தகத்தில் எல்லாம் உண்ணாமலைதான். என் அப்பத்தா கையெழுத்துப் போடும்போது மட்டும் ‘உண்ணாமுலை’ என்று தெளிவாகப் போடுவார், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பேங்குப் பையன் தலையைக் குனிந்துகொள்வான். தேவாரத்தில் இருக்கிற பேர், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் உண்ணாமலைக்கடை என்று ஒரு பேரூர் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அங்கேயும் நம் ஆச்சி ஒருத்தர் கடை வைத்திருந்தார் என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள், சொல்லிவிட்டேன். ஒரே மாதிரி ஒலித்தால் ஒரே வேர் என்று முடிவு கட்டுவது பொள்ளாச்சிக்காரர் செய்த வேலை.

கார்த்திகை பற்றி யாரும் சொல்லவில்லையே. தூரம் தூரம் என்கிறீர்கள், நம் பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ண ஆரம்பிப்பதே அந்த மலையில் தீபம் ஏற்றுகிற திருக்கார்த்திகையிலிருந்துதான். அன்றிலிருந்து தினம் ஒரு இழை, புது வேட்டியிலிருந்து நூல் எடுத்து வைத்து, 21 இழை சேர்ந்ததும் திரித்து, இழைமாவு என்கிற இனிப்பு மாவில் வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிறோம். மலேசியா போனாலும் அமெரிக்கா போனாலும் நகரத்தார் நாலு பேர் இருக்கிற இடத்தில் இதை விடுவதில்லை. வீட்டுக்குள் கணக்கு அந்த மலையை வைத்து ஓடும்போது பேர் மட்டும் வர எவ்வளவு நேரம் ஆகும்?

*

மகிபாலன்பட்டிப் பையன்:

எல்லாரும் மலையையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், கொஞ்சம் நம் ஊர்ப் பேர்களையும் பாருங்கள்.

காரைக்குடி காரைச் செடியால் வந்த பேர். இலுப்பைக்குடி இலுப்பை மரம். சூரைக்குடி சூரைச் செடி. இந்தப் பேரை யாராவது பிள்ளைக்கு வைத்திருக்கிறார்களா? காரைக்குடியப்பன் என்று ஒருத்தரைக் கேள்விப்பட்டதுண்டா? செடி கொடியால் வந்த ஊர்ப் பேர் ஆளுக்குப் போகாது. சாமி குடியிருக்கிற ஊர்ப் பேர் மட்டும்தான் ஆளுக்கு வரும். தை மாதம் காவடியோடு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறோம், அதனால் வீட்டுக்கு ஒரு பழனியப்பன். சிதம்பரம், காசி, சேது எல்லாம் அப்படி. அரியக்குடியில் பெருமாள் இருக்கிறார், ஆனால் அவர் அங்கே திருவேங்கடமுடையான், அதனால் பிள்ளைக்குத் திருவேங்கடம் என்று திருப்பதி மலையின் பேர் வரும், அரியக்குடி வராது.

ஆனால் அரியக்குடிக்கு வேறு வழியில் அந்த யோகம் வந்தது. ராமானுஜ ஐயங்கார் பெரிய பாடகர் ஆன பிறகு, ‘அரியக்குடி பாடினார்’ என்று எழுதினால் ஊர் பாடியது என்று யாரும் நினைப்பதில்லை. ஆளின் பேர் பின்னால் போய், ஊரே ஆளாகிவிட்டது. வயலின் கேட்கிறவர்களிடம் ‘குன்றக்குடி’ என்று சொல்லுங்கள், வைத்தியநாதன் பட்டை விபூதியோடு கண்முன் வந்து நிற்பார். ஆன்மிகக் கூட்டத்தில் அதே பேரைச் சொன்னால் அடிகளார். முருகனுக்கு மூன்றாவது இடம்தான்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் வந்தேன். ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாடிய கணியன் பூங்குன்றனார் பேரில் இருக்கிற பூங்குன்றம் மகிபாலன்பட்டி என்று சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், சங்க காலத்தில் ஊரின் பேர் ஆளுக்கு, பூங்குன்றத்தான் பூங்குன்றன். அப்புறம் எப்போதோ மகிபாலன் என்று ஓர் ஆளின் பேர் ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. பழைய ஊர்ப் பேர் ஊரில் இல்லை, புறநானூற்றில் 192ஆம் பாட்டுக்குக் கீழே ஓர் ஆளின் பேருக்குள் இருக்கிறது. எல்லா ஊரும் நம் ஊர்தான் என்று பாடியவருக்கு அடையாளமாக மிஞ்சியது சொந்த ஊர்ப் பேர் மட்டும்.

கானாடுகாத்தானையும் விட்டுவிடாதீர்கள். கானாடு என்பது வெள்ளாற்றுப் பக்கத்துப் பழைய நாட்டுப் பிரிவு, அக்கரையில் கோனாடு. கானாட்டைக் காத்தவன் கானாடுகாத்தான். ஊர்ப் பேரே ஒரு ஆளைக் கூப்பிடுவது போல இருக்கிறது. ரயிலில் வந்தால் அந்தப் பேரும் இல்லை, ஸ்டேஷன் போர்டில் செட்டிநாடு என்று போட்டிருக்கும், இறங்கலாமா வேண்டாமா என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள்.

அதனால் மலை முந்தி என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அண்ணாமலைக்கு அது சரி, எல்லாப் பேருக்கும் சரி இல்லை.

*

தேவகோட்டைத் தமிழாசிரியன்:

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பழனியையும் அண்ணாமலையையும் ஒரே வரிசையில் வைத்தீர்களே, அங்கேதான் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. பழனி சாமி இருக்கிற இடம், அதனால் பிள்ளைக்கு வைக்கும்போது பழனியப்பன் ஆகிறது, கொங்குப் பக்கம் போனால் பழனிச்சாமி. இடத்தோடு அப்பனையோ சாமியையோ சேர்த்தால்தான் ஆள் பேர் போல இருக்கிறது. அண்ணாமலையில் மலைக்குள் சாமி இருப்பதாக யாரும் சொல்வதில்லை, மலையே லிங்கம். கிரிவலம் போகிறவர்கள் கோயிலைச் சுற்றுவதில்லை, மலையைச் சுற்றுகிறார்கள். அதனால் அப்பனும் வேண்டாம் சாமியும் வேண்டாம், அண்ணாமலை என்று மொட்டையாக வைத்தாலே சாமி பேர்தான். சிதம்பரமும் அப்படித்தான், அங்கே வெளியையே கும்பிடுகிறோம்.

வெறும் பழனி என்றும் பேர் இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், இருக்கிறது, கடைசியில் இருந்த அப்பன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்துபோனது.

இன்னொன்று. அந்த மலைக்கு வடமொழியில் அருணாசலம் என்று பேர். அருணம் சிவப்பு, அசலம் மலை. அருணகிரி என்றாலும் அதே மலை, திருப்புகழ் பாடியவர் அந்த ஊர்க்காரர். சோணாசலம் என்றாலும் அதே மலை, சோணம் என்பதும் சிவப்புத்தான். நெருப்பு மலை என்பதால் இந்தச் சிவப்பு. தமிழ்ப் பேர் கிட்ட முடியாததைச் சொல்கிறது, வடமொழிப் பேர் நிறத்தைச் சொல்கிறது, ஒன்றின் மொழிபெயர்ப்பு மற்றது இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அண்ணன் அண்ணாமலை, தம்பி அருணாசலம். அப்பச்சி வழி ஐயா ஒருவர், தாய்வழி ஐயா ஒருவர், முறைப்படி வைத்த பேர்கள். இரண்டு பேரும் ஒரே மலை என்று அந்த வீட்டில் சொன்னேன், அப்படியானால் சொத்தையும் ஒரே பங்காக எழுதிவிடலாமா என்று அண்ணன் கேட்டார், தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

*

செக்காலைவாசி:

பள்ளத்தூர் ஆச்சி, ஒரு யோசனை. ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டிலிருந்து பாஸ்போர்ட் வரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே மாதிரி எழுதுங்கள், இரண்டு ‘என்’ கட்டாயம் போடுங்கள். ஒரு ‘என்’ குறைந்தால் பையன் பொள்ளாச்சிக்குப் போய்விடுவான். நடுவில் இடைவெளியும் விடாதீர்கள். என் சித்தப்பா பையன் அண்ணாமலையை வெளிநாட்டு ஆபீஸில் கம்ப்யூட்டர் இரண்டாக உடைத்து, பேர் அண்ணா, குடும்பப் பேர் மலை என்று ஏற்றிவிட்டது. அங்கே அது பெண் பேராம், மெயில் எல்லாம் மேடம் என்று வருகிறது. இங்கே வந்தால் அவனைவிட மூத்தவர்கள்கூட அண்ணா என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள், அதை மட்டும் ரசிக்கிறான்.

*

பள்ளத்தூர் மருமகள்:

இரண்டு ‘என்’ போட்டாயிற்று. பதிவு அலுவலகத்தில் இனிஷியல் ஒரே எழுத்தா என்று கேட்டார்கள், மூன்று எழுத்து என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மூனா ஆனா அண்ணன் சொன்ன விளக்கத்தை அங்கே நின்று என் கணவர் முழுதாகச் சொல்லி முடித்தார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் பாவம். பொள்ளாச்சிக்காரருக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன், பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.